கையில் எத்தனை நாள் பஞ்சு?

நூற்பாலையின் தலைமைப் பொறுப்புக்கு யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். கையில் எத்தனை நாள் பஞ்சு இருக்கிறது, இன்னும் எத்தனை நாளுக்கு வாங்கப் போகிறோம்? கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் சி.இ.ஓ. என்று பலகை மாட்டிய அறைகள் பல உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர் இந்தக் கேள்விக்குத் தானே பதில் சொல்கிறாரா, முதலாளியிடம் கேட்டுவந்து சொல்கிறாரா என்பதை வைத்தே அந்தப் பலகையை நாங்கள் எடைபோடுவோம்.

கணக்கைச் சொன்னால் காரணம் விளங்கும். 30,000 ஸ்பிண்டில் ஓடும் ஆலை 40-ஆம் நம்பர் கோம்டு நூல் நூற்றால் நாளுக்குச் சுமார் 10 டன் நூல் இறங்கும். அதற்கு ஏறக்குறைய 85 பேல் பஞ்சு வேண்டும். ஒரு பேல் 170 கிலோ. வியாபாரம் பேசுவதோ கண்டிக் கணக்கில். ஒரு கண்டி 356 கிலோ. மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்தால் 3,650 கண்டி. கண்டி 60,000 ரூபாய் என்றால் குடோனில் கிடப்பது 22 கோடி ரூபாய். நூல் விற்கும் விலையில் ஏறக்குறைய 60 சதவீதம் பஞ்சுக்கே போய்விடுகிறது. மின்சாரம், கூலி, வட்டி, உதிரிபாகம், கமிஷன் எல்லாம் மீதிக்குள் அடங்க வேண்டும். மெஷின் வேகத்தைக் கூட்டி, கழிவைக் குறைத்து, ஆண்டு முழுக்கப் பாடுபட்டுச் சேர்த்த மிச்சத்தை வேளைகெட்ட ஒரே பஞ்சுக் கொள்முதல் ஒரு மாதத்தில் கொண்டுபோய்விடும்.

தலைமைப் பதவிக்கு வர ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் வழி கேட்கும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். உங்கள் தொழிலில் பணம் எந்த இடத்தில் போய் முடங்குகிறதோ அந்த இடத்தில் சில காலம் வேலை பாருங்கள். நூற்பாலையில் அது பஞ்சுக் குடோன். வேறு தொழிலில் வேறு இடமாக இருக்கும். அதைத் தொடாமல் மேலே போகிறவருக்கு அறை கிடைக்கும், கார் கிடைக்கும், முடிவெடுக்கும் உரிமை மட்டும் கிடைக்காது.

நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, ஷிப்டு சூப்பர்வைசராக வேலைக்குச் சேர்ந்தவன். ப்ளோ ரூம், கார்டிங், கோம்பர், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், ஆட்டோகோனர் என்று ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் நின்று பழகினேன். மூன்றாம் ஷிப்டில் விடிவதற்கு முன்னால் இழை அறுவது கூடுகிறதே, ஏன் என்று புரியாமல் நின்றபோது, ஸ்பின்னிங்கில் சைடர் வேலை பார்த்த ஓர் அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். ஹியூமிடிபிகேஷன் பிளான்டை ஓட்டுகிறவர் அந்நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவார். காற்றில் ஈரப்பதம் இறங்கியதும் இழை பொட்டுப்பொட்டென்று அறும். நூற்கும் ஃபிரேமைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. அன்று கற்ற அந்தப் பாடம் பின்னாளில் பெரிய நாற்காலியிலும் எனக்கு உதவியது. தெரிந்தவர்கள் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், கேட்க வேண்டும்.

எங்கள் பக்கம் பழக்கமான ஏணி ஒன்று உண்டு. சூப்பர்வைசர், அசிஸ்டென்ட் ஸ்பின்னிங் மாஸ்டர், ஸ்பின்னிங் மாஸ்டர், ஃபேக்டரி மேனேஜர், ஜி.எம். நான் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தபோது முதலாளி ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். பெரியவர். ஆலைக்குள் எல்லோருக்கும் அவர் ஐயாதான்.

“மில்லுக்குள்ள நீங்க மிச்சம் பண்றது பைசாக் கணக்குங்க. பஞ்சு வாங்கறப்ப வெளிய போறது ரூவாக் கணக்கு. கொஞ்ச நாள் பர்ச்சேஸ்ல வந்து உக்காருங்க” என்றார்.

நூற்றுக்கணக்கான தொழிலாளிகளை மேய்த்த ஸ்பின்னிங் மாஸ்டர் இரண்டு கிளார்க்குகள் இருக்கும் அறைக்குப் போவதைச் சக அதிகாரிகள் இறக்கம் என்றுதான் பார்த்தார்கள். வீட்டிலும் வருத்தம். ஏணியில் ஒரே நேராக ஏறிய என் வகுப்புத் தோழர்கள் பலர் நல்ல ஜி.எம்.களாக ஓய்வு பெற்றார்கள். தலைமைக்கு வந்த சிலரோ ஏதோ ஒரு கட்டத்தில் பக்கத்துத் துறைக்கு நகர்ந்து, தெரியாத வேலையில் மறுபடி சின்னவர்களாக உட்கார்ந்தவர்கள். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

கோவையின் ஆலைகள் எப்படி எழுந்தன என்பதை அறிந்தவர்களுக்கு ஐயாவின் பேச்சு புதிதாக இராது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் ஆலையைத் தொடங்கினார். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வரிசையாக ஆலைகள் எழுந்தன. அவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்கள் கரிசல் காட்டில் பருத்தி போட்ட குடும்பங்களும் ஜின்னிங் வைத்திருந்தவர்களும்தான். ஐயா அந்த வழியில் வந்தவர். ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்து, இரண்டு கைப் பெருவிரல்களுக்கு நடுவே இழுத்து இழுத்து அடுக்கி, இழை நீளம் இத்தனை என்பார். பிறகு இழையை அளக்கும் ஹெச்.வி.ஐ. மெஷினில் வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். அவரிடம் ஆறேழு சீசன் கூடவே நின்றதுதான் என் மேலாண்மைப் படிப்பு.

குஜராத்தில் கடி, தெலங்கானாவில் அதிலாபாத், ஆந்திராவில் குண்டூர் என்று ஜின்னிங் யார்டு யார்டாக அலைந்தேன். மைக்ரோனேர், நீளம், வலு, தூசி எல்லாம் பேப்பரில் வந்துவிடும். யார்டுக்குப் போவது ஈரத்தையும் ஆளையும் பார்ப்பதற்கு. 100 பேல் லோடில் ஒரு சதவீதம் ஈரம் கூடினால் ஒரு முழுப் பேல் தண்ணீரைப் பஞ்சு விலைக்கு வாங்கியிருக்கிறோம் என்று பொருள். அதைவிடக் கொடியது சாக்குப் பையிலிருந்து பிரிந்து கலக்கும் பிளாஸ்டிக் நூல். ப்ளோ ரூமுக்கு முன்னால் பெண்கள் மேசை போட்டு உட்கார்ந்து முடி, இறகு, துணித்துண்டு, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நூல் எல்லாம் பொறுக்குவார்கள். தப்பிப் போகும் ஒரு நூல் சாயம் ஏறாமல் திருப்பூரில் துணி மேல் வெள்ளைக் கோடாக நிற்கும். ஒரு கோடு, ஒரு லாட்டுக்கே கிளெய்ம்.

பஞ்சு வியாபாரம் நடப்பது போனில். புரோக்கர் விலை சொல்வார், நாம் சரி என்போம், அத்தோடு முடிந்தது. பேப்பர் பிறகு வரும். சரி என்ற மறுநாள் விலை கண்டிக்கு ஆயிரம் இறங்கினாலும் பேச்சு மாறக் கூடாது. ஏறினால் அவரும் மாறக் கூடாது. சில ஜின்னர்கள் மாறினார்கள். யார் மாறினார், எந்த நிலைமையில் மாறினார் என்பதை மனதில் குறித்து வைத்துக்கொள்வதும் பர்ச்சேஸ் வேலையில் சேர்த்திதான். பெரிய பதவியில் ஆட்களை நம்பி முடிவெடுக்கும் திறன் என்று புத்தகங்கள் சொல்வது எனக்கு அந்தப் போன் பேச்சுகளில் வந்தது.

அடுத்து பேங்க். இதைப் படிக்காத இஞ்சினியர்கள் தலைமைக்கு வந்து திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆலையின் ஓட்டம் சி.சி. லிமிட் என்னும் பேங்க் கடன் வரம்பில் இருக்கிறது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். குடோனில் உள்ள பஞ்சு, ஓட்டத்தில் உள்ளது, நூல், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் மதிப்பிட்டு, நாம் கொடுக்க வேண்டியதைக் கழித்து, அதிலும் மார்ஜின் பிடித்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்ற டி.பி. வரும். லிமிட் 40 கோடி என்று சாங்ஷன் லெட்டரில் இருக்கும், டி.பி. 28 கோடி என்றால் 28தான். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பஞ்சு விலை இறங்கினால், குடோனில் ஒரு பேல்கூடக் குறையாமல் இருக்கும்போதே டி.பி. இறங்கிவிடும். நஷ்டம் வருகிற அதே மாதத்தில் பேங்க் பணத்தையும் திருப்பிக் கேட்கும். ஆலைகள் மூடுவது பெரும்பாலும் இந்த இரண்டும் ஒன்றாக வரும்போதுதான்.

2010-11 சீசனில் அதை நாங்கள் கண்முன்னே பார்த்தோம்.

2010 தொடக்கத்தில் சங்கர்-6 ரகப் பஞ்சு கண்டி 30,000 ரூபாய்க்குக் கீழே இருந்தது. அக்டோபரில் புது சீசன் தொடங்கியும் விலை இறங்கவில்லை. மாதாமாதம் ஏறி, 2011 மார்ச்சில் 60,000-ஐத் தாண்டியது. நியூயார்க் சந்தையில் பவுண்டு இரண்டு டாலருக்கு மேல் போனது. அங்கே அப்படியொரு விலை அதற்கு முன் பதிவானதில்லை. அதே காலத்தில் இங்கே இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன. அந்த நிதியாண்டில் 72 கோடி கிலோவுக்கு மேல் பருத்தி நூல் ஏற்றுமதி கூடாது என்று மத்திய அரசு வரம்பு போட்டது. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, நொய்யல் ஆற்று மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஆறு செத்துக் கிடந்ததை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். உத்தரவில் நியாயம் இருந்தது. நூலுக்கு வாசல் அடைபட்டதும் உண்மை.

பிப்ரவரியில் நடந்த பஞ்சுக் கூட்டத்தில் ஐயா, அவருடைய தம்பி, ஆடிட்டர், நான். அப்போது நான் கமர்ஷியல் பொறுப்பில் இருந்தேன். தம்பியைச் சின்னவர் என்போம்.

“பக்கத்து மில்லுல நாலு மாசத்துக்கு ஏத்தீட்டாங்க. நாம இன்னும் பாத்துட்டே இருக்கறோம்” என்றார் சின்னவர்.

“ஏத்தலாமுங்க. நூல் எங்கீங்க போகும்? எக்ஸ்போர்ட் நின்னு போச்சு. சாயப்பட்டறை பூட்டிக் கெடக்குது. துணியில சாயம் ஏத்த வழியில்லீன்னா பனியன் கம்பெனிக்காரங்க நம்ம நூலை எதுக்குங்க வாங்குவாங்க?”

ஐயா என்னைப் பார்த்தார். “வெலை எறங்கும்னு சொல்றீங்களா?”

“ஏறுமா எறங்குமான்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. கண்டி முப்பதாயிரத்துக்கு வந்தா நம்ம மில்லு எத்தனை தாங்கும்ங்கிறது தெரியும். அந்தத் தாளைத்தான் கொண்டாந்திருக்கறேன்.”

தாளில் இருந்தது சின்னக் கணக்கு. மூன்று மாதப் பஞ்சு 22 கோடி. விலை பாதியானால் 11 கோடி போகும், டி.பி.யும் சரியும், எங்கள் கையிருப்பு அதைத் தாங்காது. ஒரு மாதப் பஞ்சு என்றால் நஷ்டம் 4 கோடிக்குள் நிற்கும், ஆலை தாங்கும். விலை 70,000 போனால் ஒரு மாதப் பஞ்சு வைத்திருப்பவர் சம்பாதிக்கும் வாய்ப்பை இழப்பார். ஆலையை இழக்க மாட்டார். நூல் விற்ற அளவுக்கு மட்டும் பஞ்சு வாங்குவோம் என்றேன்.

சின்னவருக்குச் சம்மதமில்லை. பஞ்சு வைத்திருந்தவன் கெட்டதில்லை என்பது அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை அனுபவம். அதை அலட்சியமாக ஒதுக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் பெரும்பாலான ஆண்டுகளில் அது உண்மை. ஐயா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் “நாப்பது நாளைக்கு வெச்சுக்கலாம்” என்றார். நான் கேட்டதைவிடப் பத்து நாள் கூட, தம்பி கேட்டதில் பாதிக்கும் குறைவு.

ஜூலை, ஆகஸ்டு வாக்கில் விலை ஏறக்குறையப் பாதிக்கு வந்துவிட்டது. எங்களுக்கும் நஷ்டம்தான். டிப்போக்களில் தேங்கிய நூலின் விலையும் சேர்ந்து இறங்கியது. அந்த ஆண்டுக் கணக்கு சிவப்பில் முடிந்தது. ஆனால் பேங்க் கேட்ட பணத்தைக் கட்ட முடிந்தது, ஒரு மாதக் கூலியும் தள்ளிப்போகவில்லை. சுற்றுவட்டாரத்தில் சில ஆலைகள் ஸ்பிண்டிலை விற்றன, சில நிலத்தை விற்றன. நல்ல மனிதர்கள், தொழில் தெரிந்தவர்கள். விலையைக் கணித்ததில் அவர்கள் என்னைவிட மோசமில்லை. எவ்வளவு போனால் தாங்கும் என்ற தாளை அவர்களிடம் யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் தலைமை நிர்வாகி ஒரு குடும்ப ஆலைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அந்தத் தாள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குடும்பத்துக்குள் இருக்கிறவர்களால் அதைச் சொல்வது கடினம். சொன்னால் அண்ணன் தம்பி விவகாரமாகிவிடும்.

அடுத்த ஆண்டுகளின் மின்வெட்டைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 2012-இல் கோவையில் மின்சாரம் இருந்த நேரத்தை எண்ணுவதே சுலபமாக இருந்தது. டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் கிலோவுக்கு நஷ்டம், நிறுத்தினால் ஆர்டர் போய்விடும், ஆட்களும் போய்விடுவார்கள். காற்றாலையில் முதலீடு செய்திருந்த ஆலைகள் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில் கிடைத்த மின்சாரத்தைக் கணக்கில் சேர்த்து வைத்து ஆண்டு முழுக்கப் பயன்படுத்திப் பிழைத்தன.

சில ஆண்டுகள் கழித்து ஐயா என்னைத் தலைமை நிர்வாகியாக வரச் சொன்னபோது உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டேன். எத்தனை நாள் பஞ்சு வரை நானே முடிவெடுக்கலாம், அதற்கு மேல் போர்டு முடிவு என்ற எல்லை முதலாவது. அதிகாரிகளை நியமிக்கும்போது குடும்பத்துச் சிபாரிசு என்னைத் தாண்டிப் போகக் கூடாது என்பது அடுத்தது. பேங்க் கடனுக்கு என் சொந்த கேரன்டி கிடையாது என்பது கடைசி. சம்பளக்காரர் தன் வீட்டை ஆலைக் கடனுக்குப் பிணையாக வைக்கக் கூடாது. வைத்தால் அவர் சொல்லும் கணக்கில் பயம் கலந்துவிடும், பயந்து சொல்லும் கணக்கால் முதலாளிக்கே பயனில்லை. ஐயா முதல் இரண்டுக்கும் யோசித்தார், மூன்றாவதற்கு உடனே தலையசைத்தார்.

நானும் ஒன்றை ஏற்றுக்கொண்டேன். அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, கம்பெனி நடத்தும் ஆலைக்கு டைரக்டர்களில் ஒருவர்தான் சட்டப் பொறுப்பாளராக முடியும். விபத்து நடந்தால் வழக்கு அவர் பெயரில். வெறும் சி.இ.ஓ.வாக இருந்தால் நான் மெஷின் வேகத்தைக் கூட்டச் சொல்லலாம், கோர்ட்டுக்கு ஐயா போவார். அது முறையில்லை என்று போர்டில் சேர்ந்து அந்தப் பொறுப்பை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். உத்தரவு போடுகிறவர் பெயர்தான் இன்ஸ்பெக்டரின் ஃபைலில் இருக்க வேண்டும்.

பதவிக்கு வந்ததும் முதலில் மாறுவது காதுக்கு வரும் சேதி. நேற்று வரை டீக்கடையில் எல்லாம் பேசிய ஸ்பின்னிங் மாஸ்டர் இன்று கோப்போடு வந்து நிற்கிறார். கெட்ட செய்தி இரண்டு நாள் தாமதமாகவும் மெருகேறியும் வருகிறது. இதற்கு யாரையும் கோபித்துப் பயனில்லை. நான் கழிவு அறைக்குப் போகப் பழகினேன். கார்டிங் கழிவு எவ்வளவு, கோம்பரில் விழும் நாயில் என்ற குட்டை இழைக் கழிவு எவ்வளவு, தரையில் பெருக்கியது எவ்வளவு என்ற எடைச்சீட்டைப் பார்த்தால் அந்த வாரம் உள்ளே என்ன நடந்தது என்பதில் பாதி தெரிந்துவிடும். கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்ற கணக்கு மீதியைச் சொல்லும். இதோடு சிட்ரா நடத்தும் ஆலைகளுக்கிடையிலான ஒப்பீட்டு ஆய்வையும் தவறாமல் படிப்பேன். 1956-இல் ஆலைகளே சேர்ந்து உருவாக்கிய ஆராய்ச்சி நிலையம் அது. போட்டியாளர்கள் தங்கள் செலவுக் கணக்கை ஒரே இடத்தில் கொடுத்து, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் பழக்கம் இந்த ஊருக்குக் கிடைத்த கொடை.

ஹாஸ்டல் விஷயத்தைச் சொல்லாமல் என் தொழிலைப் பற்றி எழுத முடியாது. திண்டுக்கல், தேனி, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்து ஏழைக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் அழைத்துவந்து, ஹாஸ்டலில் வைத்து, மாதக் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, கடைசியில் கல்யாணத்துக்கென்று மொத்தமாகக் கொடுக்கும் முறை எங்கள் தொழிலில் பரவியிருந்தது. சுமங்கலித் திட்டம் என்பார்கள், கேம்ப் கூலி என்பார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பெண்ணுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்காமல் போன கதைகள் ஏராளம். 2011 முதல் ஐரோப்பிய அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கைகள் வெளியிட்டன, துணி வாங்கும் பிராண்டுகள் ஆடிட்டர்களை அனுப்பின. 2014-இல் தமிழ்நாடு அரசு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவந்தது.

எங்கள் ஆலையிலும் அந்த முறை இருந்தது. நான் பொறுப்புக்கு வந்ததும் முழுக் கூலியும் மாதாமாதம் அந்தப் பிள்ளைகளின் சொந்த பேங்க் கணக்குக்குப் போக வேண்டும், கையில் போன் வைத்துக்கொள்ளலாம், ஞாயிறு வெளியே போய்வரலாம் என்று மாற்றினோம். போர்டில் பலத்த எதிர்ப்பு. “பணத்தைக் கையில குடுத்தா நாளைக்கே ஊருக்குப் போயிருவாங்க, ஃபிரேமை யாரு ஓட்டறது?” என்று கேட்டார்கள். பிடித்து வைத்த கூலியை நம்பித்தான் ஃபிரேம் ஓடுகிறது என்றால் நம் நூல் விலையே பொய் விலை என்று சொன்னேன். கூலிச் செலவு கூடியது. சிலர் போனார்கள். பாதிப் பேருக்கு மேல் இருந்தார்கள், அடுத்த வருடம் தங்கைகளையும் சித்தி மகள்களையும் கூட்டிவந்தார்கள். என் பணிக்காலத்தில் எடுத்த முடிவுகளில் இது ஒன்றைத்தான் லாப நஷ்டம் பார்க்காமல் இன்னொரு முறையும் எடுப்பேன்.

ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளிகள் பெருகிய பிறகு ஹாஸ்டலின் முகம் மாறியது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது அத்தனை பேரும் எங்கள் வளாகத்துக்குள் இருந்தார்கள். சோற்றுக்கும் ரொட்டிக்கும் ஏற்பாடு செய்வது, மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் பெயர்ப் பட்டியலோடு கலெக்டர் ஆபீசில் நிற்பது, இவைதான் அந்த வாரங்களில் தலைமை நிர்வாகியின் வேலை. ரிசர்வ் வங்கி தவணைகளுக்கு ஆகஸ்டு வரை அவகாசம் தந்திராவிட்டால் இந்தப் பகுதியில் பாதி ஆலைகள் அந்த வருடத்தைத் தாண்டியிருக்காது.

2022-இல் பஞ்சு மறுபடி மிரட்டியது. மே மாதம் கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2021 முதல் இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கினார்கள், ஆனால் கப்பலில் பஞ்சு வந்து சேர மாதங்கள் ஆகும். நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூரில் வேலைநிறுத்தம். பர்ச்சேஸ் அறையில் இளைஞர்கள் ஒன்றேகால் லட்சம் போகும் என்றார்கள். 2011-இல் போட்ட அதே கணக்கைப் புது எண்களோடு போட்டு, இருபது நாள் பஞ்சோடு ஓட்டினோம், இரண்டு ஷிப்டாகக் குறைத்தோம். அந்த ஆண்டு முடிவதற்குள் விலை வெகுவாக இறங்கிவிட்டது.

இப்போது ஐயாவின் பேத்தி ஆலைக்கு வந்திருக்கிறார். வெளிநாட்டில் எம்.பி.ஏ. முடித்தவர். வீட்டில் அவர் பாப்பா, ஆலையில் எனக்கு மேடம், அவருக்கு நான் அங்கிள். வந்த புதிதில் ஸ்ட்ராடஜி என்று ஒரு துறை தொடங்கலாமா என்று கேட்டார். முதலில் பர்ச்சேஸ் அறையில் உட்காரச் சொன்னேன். முகம் சுளிக்காமல் இரண்டு சீசன் உட்கார்ந்தார், கடியில் வெயிலில் நின்றார். அதன் பிறகு என்னிடம் கொண்டுவந்த யோசனை என் வாழ்நாள் தொழிலுக்கே எதிரானது.

“அங்கிள், நாம இவ்ளோ பாடுபடறது பஞ்சு வெலையைச் சமாளிக்கத்தானே? கொஞ்சம் ஃபிரேமை விஸ்கோஸுக்கு மாத்தினா என்ன? அது ஃபேக்டரில தயாராகற இழை. சீசன் கெடையாது, மூணு மாசத்துக்கு வாங்கி அடுக்க வேண்டியதில்லை. கழிவும் கம்மி.”

எனக்குத் தயக்கம் இருந்தது, சொன்னேன். விஸ்கோஸ் பஞ்சு இந்தியாவில் பெருமளவு ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறது. விலை பேச இடமில்லை. நூலில் மார்ஜினும் மெலிசு. பருத்தியில் ஆபத்து அதிகம், ஆனால் நாம் கற்ற வித்தைக்கு அங்கே மதிப்பு உண்டு. அவர் வாதாடவில்லை. அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தார். எத்தனை ஃபிரேம், மாற்றும் செலவு எவ்வளவு, எத்தனை மாதம் பார்ப்பது, நஷ்டம் எந்த எல்லையைத் தொட்டால் நிறுத்துவது என்று அவரே எழுதியிருந்தார். அந்த எல்லை நான் போட்டிருக்கக்கூடிய எல்லையைவிடக் கறாராக இருந்தது.

போர்டில் நானே அந்த யோசனையை முன்வைத்தேன், சின்னவரும் கையெழுத்துப் போட்டார். பழைய யூனிட்டில் ஆறு ஃபிரேம்களில் இப்போது 30-ஆம் நம்பர் விஸ்கோஸ் நூல் ஓடுகிறது. கோன்கள் ஈரோடு, பள்ளிபாளையம் தறிகளுக்குப் போகின்றன. கணக்கு மாதாமாதம் அவர் பெயரில் தனியாக வருகிறது, நான் அதில் கை வைப்பதில்லை.